மலைச்சரிவில் ஓடக் கற்பித்தவர்கள்

கட்டுகஸ்தோட்டை

1854ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, இப்போது கண்டி மாநகருக்கு வடக்கே மகாவலி கங்கைக் கரையில் விளங்கும் புனித அந்தோனியார் கல்லூரியை, கடல் கடந்த தேசங்களில் உள்ளவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு மாணவரின் பெயரால்தான் அறிந்திருக்கிறார்கள். 1920ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த சின்னசாமி என்பவரின் பேரராகப் பிறந்து, டெஸ்ட் பந்தயங்களில் 800 விக்கெட்டுகளைக் கைப்பற்றிய முத்தையா முரளிதரனே அம்மாணவர். 2010ஆம் ஆண்டில் காலி மைதானத்தில் அந்த எண்ணூறாவது விக்கெட் விழுந்த கதையைக் கிரிக்கெட் அபிமானிகள் எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் சொல்வார்கள். பதினான்கு வயதுவரை மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்த சிறுவனைச் சுழற்பந்தின் பக்கம் திருப்பிவிட்ட பள்ளிக்கூடப் பயிற்றுவிப்பாளர் யார் என்று அவர்களிடம் கேட்டால், சிறிது யோசித்த பிறகே சுனில் பெர்னாண்டோ என்ற பெயர் வரும். பலருக்கு வராமலே போகும். முரளிதரன் மட்டும் அந்தப் பெயரை நன்றியோடு பல சமயங்களில் சொல்லியிருக்கிறார்.

மஸ்கெலியாவில் பள்ளிக்கூடப் பயிற்றுவிப்பாளர் இருவருக்கு நடைபெறவிருந்த சேவைநலன் பாராட்டு விழாவுக்காகவே நான் இலங்கைக்குப் பிரயாணப்பட்டேனாதலால், மலையேறுவதற்கு முன் இக்கல்லூரியின் மைதானத்தை வெளியில் நின்றேனும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் எனக்கு இருந்தது. வீதியோரத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த சிங்களப் பெரியவர் ஒருவர், நான் எதைப் பார்க்கிறேன் என்று கேளாமலே, புன்சிரிப்புடன், கையைச் சுழற்றிப் பந்து வீசுவதுபோல் அபிநயம் செய்து காட்டினார். நானும் தலையசைத்தேன். பாஷை வேறானாலும் எங்கள் சம்பாஷணை அவ்வளவில் பூர்த்தியாயிற்று.

என் ஊர் பாளையங்கோட்டை. பள்ளிக்கூடங்களும் மைதானங்களும் நெருங்கி நிற்கும் ஊர் அது; அங்கே ஒரு பையன் ஓட விரும்பினால் அவனுக்குச் சமதரைக்குப் பஞ்சமில்லை; கோடைகாலத்தில் வற்றிப்போன குளங்கள்கூட மைதானமாகிவிடும். எங்களுக்கு உடற்பயிற்சி கற்பித்த ஆசிரியர், ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920இல் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்றவர். ஆசியாவிலேயே அத்தகைய கல்லூரிகளில் முதலாவது அது என்பதை அவர் வருஷத்துக்கு ஒரு முறையாவது எங்களுக்குச் சொல்லாமல் இருந்ததில்லை. அவர் ஓய்வு பெற்ற தினத்தில் ஊரில் எந்த விழாவும் நடக்கவில்லை என்பதும், அதை நாங்களும் ஒரு குறையாக அன்று உணரவில்லை என்பதும் மஸ்கெலியா அழைப்பிதழைக் கையில் வாங்கிய போதுதான் என் மனத்தில் உறைத்தன.

நாவலப்பிட்டியிலிருந்து அட்டன்

கண்டியை விட்டு, பேராதனையையும் கம்பளையையும் தாண்டி, நாவலப்பிட்டியை அடையும் வரையில் ரயில் சாதாரணமாகத்தான் ஓடுகிறது. அதன் பிறகு அது ஓடுவதில்லை, ஏறுகிறது. ரப்பர் மரங்களும் கித்துள் மரங்களும் பலா மரங்களும் ஒவ்வொன்றாகப் பின்தங்க, காற்றில் குளிர் ஏற, ஒரு வளைவில் திரும்பியதும் இரண்டு பக்கமும் தேயிலையே தேயிலையாக மலை முழுவதும் பரந்து கிடக்கும் காட்சி கண்முன் வந்து நிற்கிறது. தேயிலைக்காகவும் அதற்கு முன் கோப்பிக்காகவும் இந்த மலைகளில் காடு வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் நம் தென்மாவட்டங்களிலிருந்தும் திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்தும் வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைவரை கால்நடையாக நடந்த அந்த முன்னோர்களை நினைத்து, 2023ஆம் ஆண்டில், அவர்கள் வரத் தொடங்கி இருநூறு வருஷம் நிறைந்த சமயத்தில், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அவர்களுடைய சந்ததியார் மீண்டும் நடந்தார்கள். நடந்து நடந்தே ஒரு தேசத்தின் செல்வத்தை உண்டாக்கிய ஜனங்கள் இவர்கள்.

எனக்கு எதிரில் அமர்ந்திருந்த வாலிபர், கொழும்பில் புடைவைக் கடையொன்றில் வேலை பார்ப்பவர், அதே விழாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார் என்பது, ரயிலில் விற்று வந்த இறால் வடையை இருவரும் பங்கிட்டுக்கொண்டபோது தெரிந்தது. அவருடைய மடியில் வர்ணக் காகிதத்தில் சுற்றிய ஒரு பொதி இருந்தது.

"சேருக்கு ஒரு கடிகாரம் வாங்கியிருக்கேன் ஐயா. கையில கட்டுறது இல்ல. ஓட்டம் பிடிக்கிற கடிகாரம். பழசு உடைஞ்சு போய்ப் பத்து வருசமாச்சு, அதுக்கு ஒரு பிளாஸ்டரை ஒட்டி வச்சிருக்கார்" என்றார்.

பள்ளிக்கூட நாட்களில் 1500 மீற்றர் ஓட்டத்தில் மாகாண மட்டம்வரை சென்றவர் அவர். அட்டன் வலயத்தில் முதலிடம், மத்திய மாகாணத்தில் மூன்றாமிடம். அதோடு சாதாரண தரப் பரீட்சை வந்தது, தகப்பனாருக்கு நோய் வந்தது, கொழும்பிலிருந்து கடைக்கு ஆள் தேடி ஒருவர் வந்தார். இவ்வளவையும் அவர் மனஸ்தாபம் சிறிதுமின்றி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். தமிழ்நாட்டில் ஓட்டக்காரர்களுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைக்குமாமே, உண்மைதானா என்று மட்டும் ஒரு முறை என்னைக் கேட்டார். சிலருக்குக் கிடைக்கிறது என்றேன்.

டரவளை, நோர்வூட்

அட்டன் ஸ்டேஷனில் இறங்கிப் பஸ்ஸில் டிக்கோயாப் பக்கமாகச் செல்லும்போது, டரவளையில் ஒரு பச்சை மைதானம் இருக்கிறது. டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கழகம் என்ற பெயரில், வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் தங்களுக்கென்று ஏற்படுத்திக்கொண்ட விளையாட்டு ஸ்தலம் அது. எந்தப் பக்கம் பார்த்தாலும் சரிவாகவே இருக்கும் இப்பிரதேசத்தில் மலையின் தோளைச் செதுக்கி அவ்வளவு பெரிய சமதரையை உண்டாக்கியவர்கள் யார் என்பதை ஊகிக்க அதிகப் பிரயாசை தேவையில்லை. மண்ணை வெட்டிச் சுமந்தவர்களின் பிள்ளைகள் அந்தக் காலத்தில் வேலிக்கு வெளியே நின்று, எல்லை தாண்டி வரும் பந்தைப் பொறுக்கிக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகள் படிப்பதற்கென்று தோட்டத்தில் இருந்தது பெரும்பாலும் ஒரே ஆசிரியரைக் கொண்ட ஒரே அறைப் பள்ளிக்கூடம். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். எழுத்துக்கே ஆசிரியர் கிடையாத இடத்தில் ஓட்டத்துக்கு ஆசிரியர் எங்கிருந்து வருவார்?

ஆதலால், மலையகப் பள்ளிக்கூடங்களில் விளையாட்டுப் பயிற்றுவிப்பாளர் என்ற வர்க்கமே ஒரு தலைமுறைக்குள் தோன்றி வளர்ந்தது என்று சொல்ல வேண்டும். இப்போது ஓய்வு பெறுகிறவர்கள் அந்த முதல் தலைமுறையினர். தங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்காத ஒன்றைத் தாங்களே கற்றுப் பிறருக்குக் கற்பித்தவர்கள் என்பதனால், அவர்களுக்குச் செய்யப்படும் மரியாதை வேறெந்த ஊரில் செய்யப்படும் மரியாதையையும்விடக் கனமானது என்பது என் அபிப்பிராயம்.

நோர்வூட்டில் சௌமியமூர்த்தி தொண்டமானின் பெயரால் அமைந்த விளையாட்டுத் தொகுதி வீதியிலிருந்தே தெரிகிறது. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலையக மக்களிடையே பேசியது இங்கேதான்; அப்போது அவர் கண்டியில் பிறந்த எம்.ஜி.ஆரையும் முரளிதரனையும் இம்மண்ணின் பெருமைகளாகக் குறிப்பிட்டார். என்னுடன் வந்த வாலிபர் அன்று கூட்டத்தில் நின்றவராம். "முரளி பேரைச் சொன்னதும் எல்லாரும் கைதட்டினாங்க. எனக்கு எங்க சேர் ஞாபகம்தான் வந்திச்சு" என்றார். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை.

மஸ்கெலியா

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ நாலாயிரம் அடி உயரத்தில் உள்ள மஸ்கெலியா நகரம் ஒரு முறை இடம் பெயர்ந்த நகரம். 1960களின் இறுதியில் மின்சாரத்துக்காக மஸ்கெலி ஓயாவை மறித்து மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது, பழைய ஊர், கடைவீதியும் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் உட்பட, நீருக்குள் போயிற்று. ஜனங்கள் மேட்டுக்கு வந்து புதிய ஊரை அமைத்துக்கொண்டார்கள். இன்றைய கடைவீதி, ஒரு பக்கம் சரிவும் மறுபக்கம் மேடுமாக, மூட்டை இறக்குவோரும் முச்சக்கர வண்டிகளும் மாலைச் சந்தைக்கு வந்த தோட்டத்துப் பெண்களுமாக நெரிசலாய் இருக்கிறது. மேகம் விலகிய ஒரு கணத்தில் கூரைகளுக்கு மேலே சிவனொளிபாத மலையின் கூர்மையான சிகரம் தோன்றியது. மார்கழியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமிவரை நீடிக்கும் யாத்திரைக் காலமாதலால், பொழுது சாய்ந்ததும் அடிவாரத்திலிருந்து உச்சிவரை படிகளின் ஓரத்து விளக்குகள் ஏற்றப்பட்டன.

விழா பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வாசலில் வாழை மரம் கட்டியிருந்தார்கள். பாண்டு வாத்தியக் குழுவினர் முன்னே செல்ல, மாலையணிந்த இருவரும் தங்களுக்கு இவ்வளவு பேர் இருக்கிறார்களா என்று திகைத்தவர்கள்போல் நடந்து வந்தார்கள். ஒருவர் அறுபது வயது நிறைந்த உடற்கல்வி ஆசிரியர். மெலிந்த, உயர்ந்த ஆகிருதி. இளமையில் 5000 மீற்றர் ஓட்டத்தில் மாகாண அணிக்காக ஓடியவர். மற்றவர் அயல் பாடசாலையில் வலைப்பந்தும் அஞ்சலோட்டமும் பயிற்றுவித்த அம்மையார். தாமும் வலைப்பந்து வீராங்கனையாக இருந்தவர். இருவர் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

பொன்னாடை போர்த்தினார்கள். வாழ்த்துப்பா வாசித்துக் கண்ணாடிச் சட்டத்தில் அளித்தார்கள். அதிபரும் கல்வி அதிகாரிகளும் பழைய மாணவர்களும் பேசிய பிரசங்கங்களில் பெரும்பாலானவை எல்லா ஊர்ப் பிரசங்கங்களையும் போலவே நீண்டவை, ஆனால் தோட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு தாயார், ஒலிவாங்கியைப் பிடிக்கத் தெரியாமல் இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, "எம்புள்ளை ஓடுனதால பள்ளிக்கூடத்த விட்டு நிக்கலீங்க. இன்னைக்கு அவ டீச்சரா இருக்கா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது மண்டபத்தில் எழுந்த ஆரவாரம் வேறு எவருக்கும் எழவில்லை.

இந்தியாவிலிருந்து வந்தவன் என்பதால் என்னையும் பேச அழைத்தார்கள். எனக்குத் தெரிந்த இரண்டு பயிற்றுவிப்பாளரைப் பற்றிச் சொன்னேன். பயிற்றுவிப்பாளர்களைக் கௌரவிக்க இந்திய அரசாங்கம் துரோணாச்சாரியர் விருதை ஏற்படுத்தியது 1985ஆம் ஆண்டில். முதன் முறையாக அதைப் பெற்ற மூவரில் ஒருவர் ஓ.எம். நம்பியார். கேரளத்துக் கடற்கரைச் சிறுமி பி.டி. உஷாவை இளம் வயதிலேயே கண்டெடுத்துக் கண்ணூரில் பயிற்றுவித்தவர் அவர். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் உஷாவின் நேரம் 55.42 வினாடி, வெண்கலம் பெற்றவருடைய நேரம் 55.41. அந்த நூறில் ஒரு பங்கு வினாடியின் துக்கத்தை மாணவியோடு தாமும் சுமந்த நம்பியாருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது 2021ஆம் ஆண்டில். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் காலமானார்.

இரண்டாமவர் கே.பி. தோமஸ். கோட்டயம் மாவட்டத்தின் கிழக்கெல்லையில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே கொருத்தோடு என்ற மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியராயிருந்தவர். பாரிஸ் நகரில் 2003ஆம் ஆண்டு நடந்த உலக மெய்வல்லுநர் போட்டியில் 6.70 மீற்றர் நீளம் பாய்ந்து வெண்கலம் வென்ற அஞ்சு பாபி ஜார்ஜ், சிறுமியாக இருந்தபோது பயின்றது அவரிடத்தில். அஞ்சுவைப் பாரிஸ்வரை கொண்டு சென்ற பயிற்றுவிப்பாளரும் கணவருமான ராபர்ட் பாபி ஜார்ஜுக்கு அதே 2003ஆம் ஆண்டின் துரோணாச்சாரியர் விருது கிடைத்தது. பள்ளிக்கூட ஆசிரியரான தோமஸுக்கு அது கிடைத்தது 2013ஆம் ஆண்டில். பாபி ஜார்ஜ் விருதுக்கு முற்றிலும் தகுதியானவர். அதில் எனக்கு ஐயமில்லை. கடைசியில் நின்றவருக்கும் முதலில் கண்டவருக்கும் நடுவே பத்து வருஷ இடைவெளி ஏன் என்பதுதான் என் கேள்வி. பதக்கம் கழுத்தில் விழுந்த நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதே எல்லா அரசாங்கங்களுடைய வழக்கமாயிருக்கிறது. பதக்கத்துக்கு அருகில் இருப்பவர் முதலில் தெரிகிறார். வெகுதூரத்தில், ஒரு மலைப்பள்ளிக்கூடத்து வாசலில் நிற்பவர் தெரிய நாளாகிறது. அந்தப் பிள்ளை பதக்கம்வரை போகவே இல்லை என்றால் அவர் தெரியவே போவதில்லை.

நான் இவ்வாறு சொல்லி முடித்ததும், அம்மையார் என் பக்கம் குனிந்து, "அந்தத் தோமஸ் மாஸ்டர் மலைநாட்டுக்காரரா? அப்ப சரி. மலையில ஓடுற புள்ளைக்கு மூச்சு கூட" என்றார்.

இரவு ஆசிரியரின் இல்லத்தில் போஜனம். கோதுமை மாவு ரொட்டியும், தேங்காயும் காய்ந்த மிளகாயும் மாசிக் கருவாடும் சேர்த்து அம்மியில் இடித்த சம்பலும், பருப்புக் கறியும், பலாக்காய்க் குழம்பும் பரிமாறினார்கள். எங்கள் ஊரில் ரொட்டி என்பது ஓட்டலில் வாங்கித் தின்னும் பதார்த்தம். இங்கே அது விடியற்காலையில் மலைக்குப் புறப்படும் முன் வயிற்றைக் கட்டும் ஆகாரம். பிறகு சாயத்தண்ணி வந்தது. உலகத்திலேயே உயர்ந்த தேயிலை விளையும் மலையின் நடுவே, ஏற்றுமதிக்குப் போனது போக மிஞ்சிய தூளில் போட்டது. ஆயினும் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடித்த அதன் ருசி எனக்கு வேறெங்கும் கிட்டவில்லை.

அப்போதுதான் ஆசிரியர் அலமாரியிலிருந்து ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியை எடுத்து வந்தார். அட்டை பிரிந்து, நூலால் தைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் கோடு கிழித்து, பெயர், தோட்டம், டிவிசன், ஓட்டம், நேரம் என்று நீல மையில் எழுதியிருந்தார். சில நேரங்களுக்குப் பக்கத்தில் 'மழை' என்றும், சிலவற்றுக்குப் பக்கத்தில் 'வெறுங்கால்' என்றும், ஓரிடத்தில் 'காலையில் சாப்பிடவில்லை' என்றும் குறிப்பு. கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு 'இப்போது' என்பது. அது மட்டும் பென்சிலில் எழுதப்பட்டு, அழித்து அழித்துத் திருத்தப்பட்டிருந்தது. கொழும்பு, கடை. கட்டார். தையற்சாலை. ஆசிரியை. கல்யாணம், பொகவந்தலாவை. தோட்டத்தில் பேர் பதிந்தாச்சு. கிராம சேவகர். ஒரு பெயருக்கு எதிரே மட்டும் ஒன்றும் இல்லை. பென்சில் அழித்த தடம் மாத்திரம் இருந்தது. அவர் அதை விரலால் தொட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்; நான் கேட்கவில்லை.

"பென்சில்ல எதுக்குங்க?" என்று ரயிலில் வந்த வாலிபர் கேட்டார். அவருடைய பெயரும் அதில் இருந்தது.

"நீங்க எல்லாம் ஒரே எடத்துலயா இருக்கீங்க?" என்றார் ஆசிரியர்.

விருதுக் குழுக்கள் கேட்கும் விண்ணப்பங்களில் சர்வதேசப் பதக்கம், தேசியப் பதக்கம் என்ற கட்டங்கள் உண்டே தவிர, இந்தக் கொப்பியின் கடைசிக் கட்டத்துக்கு இடமில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக ஒருவர் தம் மாணவரின் ஓட்டம் நின்ற பிறகும் அவர்களைப் பின்தொடர்ந்து எழுதிக்கொண்டே வந்திருக்கிறார் என்பதைவிடப் பெரிய பயிற்றுவிப்பை நான் எங்கும் கண்டதில்லை.

சாமிமலை வீதி

மறுநாள் அம்மையார் என்னைச் சாமிமலை செல்லும் வீதியிலுள்ள ஒரு தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான ஒரு லயத்தின் கடைசிக் காம்பராவில் அவருடைய அஞ்சலோட்டக் குழுவின் இப்போதைய முதல் ஓட்டக்காரி வசிக்கிறாள். லயத்துக்கு எதிரே பெரட்டுக்களம்: காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் சிறு மைதானம். தோட்டத்திலே சமதரை என்றால் அது ஒன்றுதான். அதன் ஓரத்தில் ஒரு குழி வெட்டி, ஆற்று மணலைச் சாக்கில் சுமந்து வந்து நிரப்பி, நீளம் பாய்வதற்கு இடம் செய்திருந்தார்கள். ஓடி வருவதற்கு மொத்தம் இருபது மீற்றர்கூட இல்லை. அதனால் பிள்ளைகள் களத்தின் மூலைவிட்டத்தில் ஓடி வந்து கடைசி நான்கு எட்டில் திரும்பிப் பாய்கிறார்கள். வலயப் போட்டியில் நேர்ப்பாதையைக் கண்டதும் அவர்கள் தடுமாறுவதைத் திருத்துவதற்கே ஒரு வாரம் செல்லும் என்றார் அம்மையார்.

பெண் பிள்ளைகளை ஓடவிடுவதற்குத் தாய்மாரைச் சம்மதிக்கச் செய்ததே தம் வாழ்நாளின் பெரும் வேலை என்பது அவருடைய கணிப்பு. குட்டைக் காற்சட்டை கூடாது என்றார்கள். முழங்காலுக்குக் கீழே வரும் காற்சட்டையைத் தாமே வெட்டி, தாய்மாரைக் கொண்டே தைக்க வைத்தாராம். "அவங்க கையால தைச்சதுக்கப்புறம் போடாதேன்னு எப்படிச் சொல்வாங்க?" என்று கேட்டார். அடுத்து, போட்டிக்குத் தாய்மாரையும் அழைத்துப் போகத் தொடங்கினார். கொழுந்தெடுக்கப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது. ஒரு நாள் சம்பளம் போகும். ஆயினும் வருஷத்துக்கு இரண்டு பேராவது வந்தார்கள். தன் மகள் ஓடுவதை ஒரு முறை கண்ணால் கண்ட தாய் மறுமுறை தடுத்ததில்லை என்றும், அப்படித் தடுக்காத தாய்மாரின் மகள்கள் சாதாரண தரம் முடியுமுன் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றது மிக அபூர்வம் என்றும் அவர் சொன்னார். விழாவில் ஒலிவாங்கியை இரு கைகளாலும் பிடித்த தாயார் முதன் முதலில் அப்படி வந்தவர்.

ஓட்டக்காரிக்குப் பதினைந்து வயது. முள் சப்பாத்து ஒரே ஒரு சோடி; மூன்று பேர் மாற்றி மாற்றி அணிவது. இவளுடைய பாதம் மற்ற இருவருடையதைவிடச் சிறிது. வாசற்படியில் அமர்ந்து, சப்பாத்தின் நுனியில் பழைய சேலைத் துண்டைச் சுருட்டி வைத்து, காலை நுழைத்து, எழுந்து இரண்டு முறை குதித்துப் பார்த்து, மறுபடி அமர்ந்து துணியில் ஒரு விரற்கடை கிழித்தெடுத்துவிட்டு மீண்டும் நுழைத்தாள். யாரும் அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. எத்தனை துணி எவ்வளவு இறுக்கம் என்பது அவளுக்கே தெரிந்திருந்தது.

மவுசாக்கலை

மழை ஓய்ந்த மாதங்களில் நீர்த்தேக்கத்தின் நீர் இறங்கிவிடும். அப்போது கரையோரத்தில் விரிந்த வண்டல் தரை வெளிப்பட்டு, சில வாரங்களில் புல் பூத்து, கால் பதிய இறுகிவிடுகிறது. இன்னும் இறங்கினால் மூழ்கிய கோயிலின் கற்சுவர்கள் தலைகாட்டும். பார்ப்பதற்கு வெளியூர் ஜனங்கள் வருவார்கள். ஆசிரியரும் அம்மையாரும் அங்கே வருவது வேறொரு காரியத்துக்காக. இந்தச் சுற்றுவட்டாரத்தில் நூறு மீற்றர் தடையின்றி நேராக ஓடக்கூடிய சமதரை, பழைய மஸ்கெலியா இருந்த அந்தத் தரைதான். பள்ளிக்கூடங்களின் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடக்கும் காலமும் நீர் இறங்கும் காலமும் ஒன்றாயிருப்பது அவர்கள் செய்த பாக்கியம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூடுபனி கரைமேல் படுத்திருந்தது. ஓட்டம் தொடங்கும் இடத்தில் நிற்பவருக்கு முடியும் இடம் தெரியவில்லை. அதற்கு ஆசிரியர் ஓர் உபாயம் வைத்திருக்கிறார். முப்பது முப்பது மீற்றருக்கு ஒரு சிறுவனை நிறுத்தி ஒவ்வொருவன் வாயிலும் ஒரு விசிலைக் கொடுத்துவிடுகிறார். ஓட்டக்காரி தன்னைக் கடக்கும்போது அவன் ஊத வேண்டும். பனிக்குள்ளிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும் அந்த ஒலிகளின் இடைவெளியைக் கொண்டே, அவள் எந்த இடத்தில் வேகம் குறைந்தாள் என்பதைக் கண்ணால் காணாமலே சொல்லிவிடுகிறார். புதிய கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டியிருந்தார். பிளாஸ்டர் ஒட்டிய பழையதை ரயிலில் வந்த வாலிபரிடம் கொடுத்து, மறுமுனையில் நிற்கச் செய்திருந்தார். அவ்வாலிபர் அன்று பிற்பகல் ரயிலுக்குக் கொழும்பு திரும்ப வேண்டியவர்; மறுநாள் கடை திறக்க வேண்டும்.

பயிற்சியில் பெரிய சர்ச்சை, அஞ்சலோட்டக் கோலைக் கைமாற்றும் இடத்தைப் பற்றியது. தோட்டத்து வீதி சரிவில் பழகியதனால், கோலை வாங்குகிறவள், கொடுக்கிறவள் இறக்கத்தின் வேகத்தில் வருவாள் என்று எண்ணி முன்னதாகவே புறப்பட்டுவிடுகிறாள். சமதரையிலோ அந்த வேகம் இராது, கோல் எட்டாது. கொடுக்கிறவள் எந்த இடத்தை எட்டியதும் வாங்குகிறவள் புறப்பட வேண்டும் என்பதைக் காட்டும் அடையாளக் கல்லை, வாங்குகிறவளுக்கு மூன்று பாதம் நெருக்கமாக வைக்க வேண்டும் என்றார் அம்மையார். ஆசிரியர் இரண்டு போதும் என்றார். இருவரும் குழந்தைகளின் முன்னிலையில் மிகுந்த சிரத்தையோடும் மரியாதையோடும் வாதாடினார்கள். இரண்டு பாதத்தில் வைத்துப் பார்த்தார்கள், கோல் விழுந்தது. மூன்றில் வைத்தார்கள், பனிக்குள் விசில் ஒலிகள் வரிசையாக வந்தன, கோல் விழவில்லை. "டீச்சர் சொன்னதுதான் சரி" என்று ஆசிரியர் கொப்பியில் குறித்துக்கொண்டார்.

ஓய்வு பெற்றவர் இருவரும் இங்கே என்ன செய்கிறார்கள் என்று நான் கேட்டேன். அவர்கள் இடத்துக்கு இன்னும் புதியவர்கள் நியமிக்கப்படவில்லை. வலயப் போட்டியோ நெருங்கிவிட்டது.

"அதிபர்கிட்ட எழுதிக் குடுத்திட்டோம் ஐயா" என்றார் ஆசிரியர். "புதன், சனி ரெண்டு நாளும் வருவோம். புது மாஸ்டர் வந்தாலும் ஒரு தவணை கூட நின்னு கொப்பியைக் கையில குடுத்திட்டுத்தான் நிறுத்துறது. தண்ணி ஏறுறதுக்குள்ள இந்தப் புள்ளைங்க இன்னும் எட்டு தரம் முழுசா ஓடணும்."

பிறகு மறுமுனையை நோக்கிக் கையை உயர்த்தி, அடுத்த குழுவை வரிசையில் நிற்கச் சொன்னார்.